இன்புளுவென்சாவும் மின்னிரசாயன உயிருணரிகளும்: ஒரு சமூக நோக்கு

இன்புளுவென்சாவுக்கு வழங்கப்படும் ஒசெல்ற்றமிவிர் என்னும் மருந்து, நோய்க்குறி தோன்றி 48 மணித்தியாலங்களுக்குள் கொடுக்கப்படும்போதே மிகுந்த பயன் தருகின்றது. நாட்டின் தேசிய இன்புளுவென்சா நிலையமாக இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமோ யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில், கொழும்பில் உள்ளது. 2009 யூனில் உலக சுகாதார நிறுவனம் எச்1என்1 பெருந்தொற்றை அறிவித்தபோது, 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட ஏ9 வீதி மக்களின் தடையற்ற போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டிருக்கவில்லை. நோயறிதல் என்பது விஞ்ஞானப் பிரச்சினை மட்டுமன்று. தூரத்தினதும் அதிகாரத்தினதும் பிரச்சினையுமாகும்.

இத்தூரத்தைச் சுருக்கவல்லவை மின்னிரசாயன உயிருணரிகள். இவற்றின் தத்துவம் நமக்குப் புதியதன்று. நீரிழிவு நோயாளர் வீடுகளிற் காணப்படும் குளுக்கோசு மீற்றரும் இவ்வகையினதே. கிளார்க், லயன்சு ஆகியோர் 1962இல் முன்வைத்த நொதிய மின்வாயே இதன் முன்னோடி. மீற்றரிற் செருகும் கீற்றிலுள்ள நொதியம் இரத்தத்திலுள்ள குளுக்கோசை ஒட்சியேற்றுகின்றது. அப்போது விடுபடும் இலத்திரன்கள் மின்வாயை அடைகின்றன. அங்கு எழும் மின்னோட்டம் குளுக்கோசின் அளவைக் காட்டுகின்றது.

வைரசைக் கண்டறிவதற்கு இத்தத்துவம் இருவகையிற் பயன்படுகின்றது. ஒன்று, வைரசை இனங்காணும் பிறபொருளெதிரிகளை மின்வாயிற் பதித்தல். வைரசு அவற்றிற் பிணையும்போது இலத்திரன்களின் போக்குத் தடைப்படும், அம்மாற்றம் அளக்கப்படும். மற்றையது, வைரசின் நியூராமினிடேசு என்னும் நொதியத்தைப் பயன்படுத்தல். புதிய வைரசுகள் கலத்தை விட்டு விடுபடுவதற்காக, அந்நொதியம் கலமேற்பரப்பிலுள்ள சயலிக்கமிலத்தை வெட்டுகின்றது. சயலிக்கமிலத்தோடு குளுக்கோசைப் பிணைத்த பொருளொன்றை நோயாளியின் மாதிரியில் இட்டால், அப்பிணைப்பும் வெட்டப்படும். வெளிப்படும் குளுக்கோசைச் சாதாரண மீற்றரே அளந்துவிடும். ஒசெல்ற்றமிவிரின் செயற்படு வடிவத்தையும் உடன் சேர்த்துப் பார்த்தால், வைரசு மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதையும் அறியலாம்.

எனினும் குறைபாடுகளும் உள. மூக்குச்சளியின் புரதங்கள் மின்வாயிற் படிந்து அளவீட்டைக் குழப்பக்கூடும். சில பற்றீரியங்களும் நியூராமினிடேசைக் கொண்டுள்ளன. இத்தகைய உணரிகளுட் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுகூடத்தைக் கடக்கவில்லை.

ஆயின் தடை நுட்பம் சார்ந்தது மட்டுமன்று. குளுக்கோசுக் கீற்று உலகெங்கும் பரவியமைக்கு, நாள்தோறும் அதனை வாங்கவேண்டிய நோயாளர் கூட்டமும் ஒரு காரணமாகும். குறிகாட்டுவானிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய நெடுந்தீவில், எப்போதாவது ஒருமுறை தேவைப்படும் வைரசுக் கீற்றுக்கு அத்தகைய சந்தை இல்லை. இலாபம் தீர்மானிக்கும் உற்பத்திமுறையில், தேவை மட்டும் ஒரு பொருளைத் தோற்றுவிப்பதில்லை.

இதற்கு மாற்று வழியொன்றை இந்நாடு முன்னரே கண்டிருந்தது. 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், மருந்துகளை மொத்தமாகக் கொள்வனவு செய்து, பன்னாட்டு நிறுவனங்களின் விலை ஆதிக்கத்தை எதிர்கொண்டது. நோயறி கருவிகளுக்கும் அத்தகைய பொதுக்கொள்கை வேண்டும். அதனைச் செயற்படுத்தும் ஆற்றல் இங்கு இல்லாததன்று. 2020இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலேயே கோவிட் பீ.சீ.ஆர். பரிசோதனைகள் நடைபெற்றன. அவ்வாற்றல் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடாது பருத்தித்துறைக்கும் நெடுந்தீவுக்கும் சென்றடைய வேண்டும். உயிருணரி பற்றிய ஆய்வின் சமூகப் பயன் அங்கேயே மதிப்பிடப்படும்.