நூறு டேபுக்கு நடுவிலும் உங்க தளம் தனியா தெரியணுமா? குட்டி ஐகான் வைப்பது இப்படித்தான்!

உங்க மொபைல் ப்ரௌசரில் இப்போ எத்தனை டேப் திறந்து கிடக்குனு ஒருமுறை எண்ணிப் பாருங்க. பத்து? முப்பது? அத்தனைக்கும் நடுவில் யூடியூபின் சிவப்பு பட்டனையும் விக்கிபீடியாவின் 'டபிள்யூ'வையும் பெயரைப் படிக்காமலே கண் கண்டுபிடிச்சிடும். ஆனா, நீங்க ராத்திரி கண்விழிச்சு எழுதுற சொந்த வலைப்பூ? பிளாகரில் இருந்தா, ஆரஞ்சு நிறத்தில் ஒரு 'பி'. ஐகானை மாற்றாத எல்லா பிளாகர் தளங்களுக்கும் அதே 'பி'தான். உங்க எழுத்து பிடிச்சுப்போய்த் திரும்ப வர நினைக்கிறவர், எந்த 'பி' உங்களுதுனு எப்படிக் கண்டுபிடிப்பார்?

இந்தக் குட்டிப் படத்துக்குப் பெயர் ஃபேவிகான். 1999-ல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ல்தான் இது முதலில் வந்தது. பிடித்த தளங்களைச் சேமிக்கும் 'ஃபேவரிட்ஸ்' பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் ஐகான் என்பதால், ஃபேவிகான். இன்றைக்கு டேப், புக்மார்க், ஹிஸ்டரினு எல்லா இடத்திலும் இருக்கிறது. 2019 முதல் மொபைலில் கூகுள் தேடல் முடிவுகளிலும் தளத்தின் பெயரோடு சேர்ந்து தெரிகிறது. அதாவது, உங்க தளத்துக்குள் வருவதற்கு முன்பே ஒருவர் பார்க்கிற முதல் முகம் இதுதான்.

என்ன படம் வைக்கலாம்?

ஃபேவிகானின் அடிப்படை அளவு 16-க்கு 16 பிக்ஸல். மொத்தமே 256 புள்ளிகள்! இப்போதைய ஸ்கிரீன்கள் பெரிய படத்தை எடுத்துக்கொண்டாலும், கண்ணுக்குத் தெரியப்போவது மிளகு அளவுதான். அதனால் உங்க செல்ஃபியோ, தளத்தின் முழுப் பெயரோ வேலைக்கு ஆகாது. ஒரே ஒரு எழுத்து அல்லது ஒரே ஒரு உருவம் போதும்.

தமிழ் எழுத்து வைத்தால் கூட்டத்தில் சட்டென்று தனியாத் தெரியும். ஆனா எல்லா எழுத்தும் இந்த அளவுக்குத் தாங்காது. ட, ப, ம, ய போன்றவை நேர்கோடுகளும் இடைவெளியும் உள்ளவை; தெளிவா நிற்கும். ஞ, ண, ஜ போன்றவற்றின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்து வைத்தால் மேலே உள்ள புள்ளி காணாமல் போய், 'க்' என்பது 'க' ஆகிவிடும். சமையல் பற்றி எழுதுறீங்களா? சட்டி நிறைய குழம்பு வேண்டாம், ஒரு கரண்டி போதும்.

நெட்டில் கிடைத்த படத்தையோ, பிரபல பிராண்டின் லோகோவையோ எடுக்காதீங்க. அது காப்புரிமை, டிரேட்மார்க் சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

எப்படி வைப்பது?

கேன்வா போன்ற ஆப்பில் 512-க்கு 512 பிக்ஸல் சதுரத்தில் வரைந்து, பி.என்.ஜி கோப்பாகச் சேமிச்சுக்கோங்க.

* பிளாகர்: 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் 'ஃபேவிகான்' என்று இருக்கும். அதில் படத்தை ஏற்றிச் சேமித்தால் முடிந்தது. படம் சதுரமாகவும் 100 கேபி-க்குக் குறைவாகவும் இருக்கணும்.
* வேர்ட்பிரஸ்: 'செட்டிங்ஸ்' உள்ளே 'ஜெனரல்' பக்கத்தில் 'சைட் ஐகான்' என்று தேடுங்க. பழைய பதிப்பாக இருந்தால், 'கஸ்டமைஸ்' பகுதியில் 'சைட் ஐடென்டிட்டி' கீழே இருக்கும்.
* நீங்களே கோடு எழுதிய தளம்: ஃபேவிகான் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் பெயரிட்ட ஐ.சி.ஓ கோப்பைத் தளத்தின் முதன்மை ஃபோல்டரில் போட்டாலே, ப்ரௌசர் தேடி எடுத்துக்கொள்ளும்.

மாத்தியும் பழைய ஐகானே வருதா?

பதறாதீங்க. ப்ரௌசர் பழைய படத்தை நினைவில் வைத்திருக்கும். இன்காக்னிட்டோ டேபில் திறந்து பாருங்க. கூகுள் தேடலில் மாறுவதற்கு இன்னும் சில நாள்கள் ஆகலாம்.

இன்னொன்று, டார்க் மோட். பின்னணி இல்லாத படத்தில் கறுப்பு எழுத்து வைத்தால், டார்க் மோடில் எதுவுமே தெரியாது. எழுத்துக்குப் பின்னால் ஒரு நிறம் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்னை இல்லை.

படிக்கிறவங்களுக்கும் ஒரு எச்சரிக்கை!

ஃபேவிகானை யார் வேண்டுமானாலும், எந்தப் படத்தை வேண்டுமானாலும் வைக்கலாம். அதனால் வங்கியின் லோகோ தெரிகிறது என்பதற்காக அது வங்கியின் தளம்தான்னு நம்பி பாஸ்வேர்டு போடாதீங்க. முன்பெல்லாம் முகவரிப் பட்டையிலேயே ஃபேவிகான் தெரியும். அங்கே பூட்டுப் படத்தை வைத்துப் பாதுகாப்பான தளம் போல ஏமாற்ற வழி இருந்ததால், 2012-ல் ஃபயர்பாக்ஸ் அதை அங்கிருந்து எடுத்தது. எப்போதும் முகவரியைப் படிப்பதுதான் பாதுகாப்பு.

ஏற்றுவதற்கு முன் கடைசியா ஒரு டெஸ்ட். படத்தை மிளகு அளவுக்குச் சுருக்கி, மொபைலைக் கை நீட்டிப் பிடிச்சு, பக்கத்தில் இருக்கிறவரிடம் காட்டுங்க. 'என்ன இது?'னு கேட்டால், இன்னும் ஒரு கோட்டைக் குறைங்க. பார்த்ததும் சரியாச் சொல்லிட்டா, தைரியமா ஏத்திடுங்க!