போனில் வருகிறது, கம்பியூட்டரில் வரவில்லை!



நோர்வூட் டவுனுக்குச் சற்று மேலே, தேயிலை மலையை ஒட்டினாற்போல் ஒரு வீடு. வீட்டுக்காரருக்குக் கொழும்பில் தொழில். மாதம் ஒரு தடவைதான் வருவார். உயர்தரப் பரீட்சையில் தேறிய மகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்த விண்ணப்பத்தை இணையம் வழியாகத்தான் பெற்றுக்கொள்கிறது. மறுநாள் கடைசி நாள். அலுமாரியில் மாதக்கணக்காகக் கிடந்த மடிக்கணினியை எடுத்துத் திறந்தார்கள். திரை வந்தது, இணையம் வரவில்லை. மஃரிபுக்குப் பின் தாயார் எனக்குப் போன் எடுத்தார்.

"மௌலவி, போன்ல எல்லாம் வருது. கம்பியூட்டர்ல மட்டும் வரவே இல்ல. புள்ள அழுதிட்டே இருக்கு. காலையில ஹட்டனுக்குக் குடுத்து அனுப்பவா?"

"அவசரப்படாதீங்க தாத்தா. முதல்ல போன்ல டேட்டாவ நிப்பாட்டுங்க. நிப்பாட்டின பிறகும் வருதான்னு பாருங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? உங்கள் கைப்பேசிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று வீட்டு வை-ஃபை, மற்றது சிம் அட்டையின் டேட்டா. வை-ஃபை செத்துக் கிடந்தாலும் போன் ஓசையில்லாமல் சிம் வழியாக வேலை செய்துகொண்டிருக்கும். நாமோ "போனில் வருகிறதே, ரவுட்டர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று கணினியைக் குற்றவாளி ஆக்கிவிடுவோம். டேட்டாவை நிறுத்திய பின் போனிலும் வராவிட்டால் கணினியின் மேல் குற்றமில்லை. மாதப் பக்கேஜ் முடிந்திருக்கலாம், பில் கட்டாமல் இருக்கலாம், அல்லது கோபுரத்திலிருந்து சமிக்ஞை வராமல் இருக்கலாம். நம் வீடுகளில் பக்கேஜ் முடிந்துபோவதுதான் அதிகம். பிள்ளைகள் இரவில் பார்த்த வீடியோக்களுக்கு மறுநாள் கணினி ஏச்சு வாங்குகிறது!

அந்த வீட்டில் டேட்டாவை நிறுத்திய பிறகும் போனில் வந்தது. ஆகவே கோளாறு கணினியில்தான், அல்லது கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான். இனித் தேடுவது எளிது.

அடுத்து, திரையின் கீழ் மூலையிலுள்ள வை-ஃபை அடையாளத்தை அழுத்தி, உங்கள் வீட்டு வை-ஃபையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே எதுவும் இல்லையா? பெரும்பாலும் 'ஏர்ப்ளேன் மோட்' போடப்பட்டிருக்கும். விமானத்தின் படம் போட்ட விசை ஒன்று மேல் வரிசையில் இருக்கும். மேசை துடைக்கும்போது கை பட்டாலே போதும். பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிந்து உங்கள் பெயர் மட்டும் தெரியாவிட்டால் காரணம் வேறு. இப்போதைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் பேசும். பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு இரண்டாவது மொழி தெரியாது. பெயரின் வாலில் '5ஜி' என்று இருப்பதை விட்டு மற்றதைத் தேடுங்கள்.

இந்த 2.4 அலையைப் பற்றி ஒரு வார்த்தை. வை-ஃபைக்கான பொது விதிமுறை 1997இல் வந்தது. வை-ஃபை என்ற பெயர் 1999இல். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாண்கூட இல்லை. உங்கள் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலையில்தான் உணவைச் சூடாக்குகிறது. அடுப்பு ஓடும்போது வை-ஃபை தடுமாறினால் ஆச்சரியப்படாதீர்கள். மரப்பலகையை இந்த அலை கடந்து போகும், கருங்கற் சுவரில் களைத்துவிடும், தகரத்தில் பட்டால் திரும்பிவிடும். மலையகத்தில் கற்சுவரும் தகரமும் இல்லாத வீடு எத்தனை? ரவுட்டரை அலுமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் ஒளித்து வைக்காமல் உயரமாக வையுங்கள். சிம் போடும் ரவுட்டராக இருந்தால் யன்னலோரம் வையுங்கள். நோர்வூட் போன்ற பள்ளத்தாக்கு ஊர்களில் எந்த யன்னல் என்பதே பெரிய வித்தியாசம். ஒவ்வொரு யன்னலிலும் ஐந்து நிமிடம் வைத்து, சமிக்ஞை விளக்குகளைப் பாருங்கள்.

பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லைத்தான் ஏற்கவில்லை என்றால், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு தாளை நல்ல வெளிச்சத்தில் படியுங்கள். பூச்சியமும் ஆங்கில ஓ எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். இன்னொன்று, யாராவது இடையில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், கணினி பழையதையே மனத்தில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். அந்தப் பெயரின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் 'ஃபொர்கெட்' என்று வரும். மறக்கச் சொல்லிவிட்டு, புதிதாக இணையுங்கள்.

மிகப் பழைய கணினியும் மிகப் புதிய ரவுட்டரும் ஒத்துப்போகாத வழக்கும் உண்டு. 2018இல் வந்த டபிள்யூபிஏ3 என்ற காவல் முறை பழைய கணினிகளுக்குப் பழக்கமில்லை. ரவுட்டர் அமைப்பில் டபிள்யூபிஏ2ஐயும் சேர்த்து அனுமதித்தால் சரியாகிவிடும்.

அந்த வீட்டுக் கணினி இந்தச் சோதனைகளிலெல்லாம் தேறிவிட்டது. வை-ஃபை இணைந்தது என்றே காட்டியது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை!

ரவுட்டரை நிறுத்தி மீண்டும் போடச் சொன்னேன். பிளக்கைக் கழற்றி அரை நிமிடம் விட்டுப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆனால் சகோதரிகளே, ரவுட்டரின் பின்னால் இருக்கும் சிறு துவாரத்தில் ஊசியை விட்டு அழுத்திவிடாதீர்கள்! அது அணைத்துப் போடும் பொத்தானல்ல. எல்லா அமைப்பையும் அழித்துவிடும் பொத்தான். ஒரு வீட்டில் சின்ன மகன் தலைமுக்காட்டு ஊசியால் அதை அழுத்திவிட, மூன்று நாட்கள் இணையம் இல்லாமல் இருந்தார்கள்.

அவர்களுக்கு அதுவும் பலிக்கவில்லை. கணினிக்கு ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். வை-ஃபை பெயரின் விபரப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை, கணினி தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். மகள் வாசித்தாள்: 192.168. அதில் குறையில்லை.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "மகள், திரையின் மூலையில் என்ன திகதி காட்டுது?"

சற்று மௌனம். பிறகு, "2019 ஜனவரி ஒண்டு, மௌலவி!"

கோளாறு அகப்பட்டது. கணினிக்குள் காசு வடிவில் ஒரு சிறு பற்றரி இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பெரிய பற்றரியும் வெறுமையாகி, இந்தச் சிறியதும் தீர்ந்தால், கடிகாரம் பழைய நாளொன்றுக்குத் திரும்பிவிடும். அதற்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழை நீட்டும். இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் குறித்திருக்கும். 2019 என்று நம்பியிருக்கும் கணினிக்கு இவ்வருடச் சான்றிதழ், இன்னும் பிறக்காத நாளின் சான்றிதழ். செல்லாது என்று கதவை அடைத்துவிடுகிறது. வாசற்காவலாளி நேர்மையானவன்தான், அவன் பார்க்கும் கலண்டர்தான் பழையது.

திகதியையும் நேரத்தையும் சரியாக்கினாள். இலங்கை நேர வலயத்தையும் தெரிவு செய்தாள். பக்கம் திறந்தது. தாயார் ஓதிய அல்ஹம்துலில்லாஹ் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அதுவும் கைகொடுக்காமல் போயிருந்தால் இன்னொரு வழியும் வைத்திருந்தேன். போனை யூஎஸ்பி வயரால் கணினியில் பொருத்தி, போன் அமைப்பில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதைப் போட்டால் போனின் இணையம் கணினிக்கு வரும். கணினியின் வை-ஃபை பாகமே பழுதாகியிருந்தாலும் இது வேலை செய்யும். கடைசி நாளன்று இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். வேலையை முடித்துவிட்டு, கோளாறை ஆறுதலாகத் தேடலாம்.

ஹட்டனுக்கு அனுப்ப ஏன் விடவில்லை என்று அந்தத் தாயார் பின்னர் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதே போன்ற சிறு கோளாறுக்குக் கணினியை ஒரு கடையில் கொடுத்தது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். இணையம் வந்தது, மௌத்தான வாப்பாவின் படங்கள் போய்விட்டன. வேறு பிரதி எங்கும் இல்லை. கடைக்குக் கொடுப்பது தவறல்ல. கொடுக்கும் முன் படங்களைப் பிரதி எடுத்து வையுங்கள், "எதையும் அழிக்க வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சித்திரை மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலைநாட்டில் பின்னேர இடி வழக்கம். வானம் இருண்டால் ரவுட்டரின் பிளக்கையும் தொலைபேசி வயரையும் கழற்றிவிடுங்கள். இடியில் கருகிய ரவுட்டருக்கு நான் மேலே சொன்ன எந்த வைத்தியமும் பலிக்காது.

அந்த வீட்டில் இன்னும் அதே மடிக்கணினிதான். சிறு பற்றரியை மாற்ற வாப்பா வரும்வரை காத்திருக்கிறார்கள். அதுவரை மகள் கணினியைத் திறந்ததும் முதலில் திகதியைத் திருத்திவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குகிறாளாம்.