பிடி அரிசியும் பெண் படிப்பும்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே, அருச்சுனா நதியை மறித்துக் கட்டிய அணையை ஒட்டிக் கிடக்கிறது ஆனைக்குட்டம். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. வெள்ளாமை கைவிட்ட காலங்களில் இந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது தீப்பெட்டி ஆபீசும் வெடி ஆபீசுந்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வார்த்த கஞ்சிக்கு விலையாக எத்தனை பெண் பிள்ளைகளின் கையிலிருந்த சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கணக்குப் பார்த்தவர் உண்டா?

கணக்குப் பார்க்க மாட்டார்கள். கதை சொல்வார்கள். “கூலிக்காரனுக்குப் படிப்பின் அருமை எங்கே தெரியும்? பெண் பிள்ளை என்றால் அவனுக்கு இளப்பம். அது அவர்கள் பழக்கம், வழக்கம். யார் என்ன செய்ய முடியும்?” மாடி வீட்டு நாற்காலிகளிலிருந்து வரும் இந்தப் பேச்சை நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம்.

தோழர்களே, இதே பேச்சைக் கடல் கடந்து ஆப்பிரிக்காவிலும் பேசியிருக்கிறார்கள். 1991ஆம் ஆண்டு ஜிம்பாப்வே நாட்டில் மோலா என்ற குக்கிராமத்துக்கு ஆன் காட்டன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி ஒருவர் போனார். அங்கே பள்ளியில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று ஆராயப் போனவர் அவர். பெற்றோர் பெண் படிப்பை வெறுக்கிறார்கள், பழைய வழக்கம் தடுக்கிறது என்பதே அவருக்கு முன்னால் போனவர்கள் சொல்லி வைத்திருந்த விடை. ஊருக்குள் நுழைந்து தாய்மார்களோடு உட்கார்ந்து கேட்டபோது வந்த விடை வேறு. பணமில்லை! இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட வக்கில்லை. ஒன்றுக்குத்தான் கட்ட முடியும் என்றால், நாளைக்குக் கூலி வேலையாவது கிடைக்கக்கூடிய பையனை அனுப்பு என்று வறுமை தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. வழக்கத்தின் வேடத்தில் வந்து நின்றது வறுமை!

அந்த அம்மையார் ஊர் திரும்பிக் கேக் சுட்டு விற்றுப் பணம் சேர்த்தார். 1993இல் 32 பெண்களுக்குக் கட்டணமும் உடையும் புத்தகமும் கிடைத்தன. காம்ஃபெட் என்ற அமைப்பு இப்படித்தான் பிறந்தது. பின்னர் ஜாம்பியா, கானா, தான்சானியா, மலாவி என்று பரவிற்று.

கேக் விற்றது நமக்குப் பெரிய செய்தி அல்ல. கருணை உள்ளவர்கள் எந்தச் சீமையிலும் உண்டு. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். உதவி பெற்றுப் படித்து வெளியே வந்த பெண்கள் 1998இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். அவர்களே திரும்பவும் கிராமத்துப் பள்ளிக்குப் போய் அடுத்த வரிசைப் பெண்களுக்கு வழிகாட்டுகிறார்கள். சிறு தொழில் தொடங்க அவர்களுக்குக் கடன் கொடுக்கிறார்கள். அதற்கு வட்டி என்ன தெரியுமா? காசு அல்ல, பள்ளியில் வந்து செய்யும் தொண்டே வட்டி! கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் கண்டு நொந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். முதல் வரிசையில் உதவி பெற்றுப் படித்த சிறுமிகளில் ஒருவரான ஏஞ்சலின் முரிமிர்வா பின்னாளில் அந்த அமைப்புக்கே தலைமை நிர்வாகியானார். வாங்கிய கை கொடுக்கும் கையானது.

இது ஏதோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புதுமை என்று வாய் பிளக்க வேண்டியதில்லை. விருதுநகரின் பழைய வரலாற்றைப் புரட்டுங்கள். வணிகர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பொது நிதி சேர்த்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். வீட்டுக்கு வீடு உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்தார்கள். அது பிடி அரிசி. இந்த இரண்டிலும் வளர்ந்தது சத்திரிய வித்தியாசாலை. அந்தக் காலம் எப்படிப்பட்டது? அந்தச் சமூகத்தார் கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று தடுக்கப்பட்ட காலம். 1899இல் சிவகாசியே கலகத்தில் எரிந்த காலம். கோயில் கதவு மூடியிருந்தால் என்ன, பள்ளிக் கதவை நாமே திறப்போம் என்று பிடி அரிசி போட்டார்கள். உலை வைத்தவள் பெண். பிடி எடுத்தவள் பெண். ஆனால் அந்த அரிசியில் முதலில் படித்தவன் பையன்! பெண்களுக்கென்று பள்ளி பிறகுதான் வந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பள்ளியில் படித்து, ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பையன்தான் பின்னாளில் முதலமைச்சர் காமராசர். 1956இல் பகல் உணவுத் திட்டம் தொடங்கியபோது அதற்குச் சர்க்கார் கஜானா முதலில் திறக்கவில்லை. ஊரார் கொடுத்த தானியத்திலும் காசிலுந்தான் உலை கொதித்தது. கல்வித் துறையின் தலைவராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கையேந்தினார். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கரும்பலகை முதல் கட்டடம் வரை மக்கள் கொடுத்தார்கள். பிறகு அது அரசின் கடமையாயிற்று. 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. தருமமாகப் பிறந்தது உரிமையாக வளர்ந்தது! தருமத்தின் யோக்கியதையை அளக்க நாம் வைத்திருக்கும் படிக்கல் இதுதான். கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டு முடிந்துபோனதா, அல்லது கேட்டு வாங்கும் உரிமையாக மாறிற்றா?

இந்தப் படிக்கல்லைச் சிவகாசித் தட்டிலும் வைப்போம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். ஊர் வளர்ந்தது, ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டமும் வந்தது. அந்தப் பட்டத்தை யார் விரல்கள் சுமந்தன? விடியுமுன் வேனில் ஏற்றப்பட்டு, குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வளர்ந்த பிள்ளைகளின் விரல்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். தம்பி பள்ளிக்குப் போக, அக்காள் ஆபீசுக்குப் போனாள். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குழந்தைக்குப் பதில் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர முயல வேண்டும் என்பது தீர்ப்பு. 2016இல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்டவரை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது. 18 நிறையாதவரை வெடிமருந்துப் பக்கமே விடக்கூடாது. பெற்றோருக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளி என்று நீதிமன்றம் சேர்த்துச் சொன்னதே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. வறுமையைத் தொடாமல் பள்ளியை மட்டும் திறந்து வைத்தால் பிள்ளை வராது.

முதலாளிமார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். விருதுநகரில் 1962இல் வே.வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி எழுந்தது. சிவகாசியில் 1968இல் ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி எழுந்தது. பட்டாசுக் காசில் எழுந்த கல்லூரி! அங்கே படித்துத் தலை நிமிர்ந்த பெண்களை நாம் அறிவோம்; மகிழ்கிறோம். ஆனால் கல்லூரி வாசலைத் தொட ஒருத்தி பன்னிரண்டு வகுப்பு ஏற வேண்டுமே! கீழ்ப்படியில் கூலி குறைந்தால் மேல்படியில் தருமம் செய்து என்ன பயன்? கூலியில் குறைத்ததைக் கொடையில் கொடுத்தால் அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர் யார் என்பது நமக்குத் தீராத சந்தேகம்.

அரசாங்கமும் படிப்படியாக வந்திருக்கிறது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். மகளைப் படிக்க வைத்தால் கல்யாணத்துக்குக் கை கொடுப்போம் என்ற தந்திரம் அது, நல்ல தந்திரம். அதே அம்மையார் பெயரில் 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கிற்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். தாலிக்குக் கொடுத்த பணம் பட்டத்துக்குப் போயிற்று.

செப்டம்பர் 5! இந்த வட்டாரத்துக்கு அந்தத் தேதி வேறொன்றையும் நினைவூட்டும். பத்தாண்டுகளுக்கு முன், 2012இல், அதே நாளில்தான் முதலிப்பட்டி வெடி விபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இன்னும் இருபதுக்கும் மேல். ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் பிறகு பள்ளியில் ஒரு பெண்ணின் இடம் காலியாகிறது. தாய் செத்தால் சமையலுக்கு மகள். தகப்பன் செத்தால் சம்பாத்தியத்துக்கு மகள். விபத்தில் மாண்ட தொழிலாளரின் பிள்ளைகள் உயர்கல்வி முடிக்கும் வரை செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவித்தார்கள். அறிவிப்பு, உரிய வீட்டுக் கதவைத் தட்டும் வரை அதன் பின்னால் நடக்க வேண்டியது சங்கத்தின் வேலை.

இனி, தோழரே, உம்மிடமே கேட்கிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். சங்கக் கூட்டத்தில் பெண் விடுதலை பற்றி முழங்கிவிட்டு வீடு திரும்புகிறீர். பையனுக்கு டியூஷன் கட்டணம் கடன் வாங்கியாவது கட்டியாயிற்று. மகள்? “அவள் பத்து முடித்தால் போதும்” என்கிறீரே, அந்தப் ‘போதும்’ எங்கிருந்து வந்தது? ஆபீசில் தீபாவளிக்கு முன் வாங்கிய முன்பணம் அப்படிச் சொல்ல வைத்தது என்றால் அதை எதிர்த்து நாம் சேர்ந்து போராடலாம். உம் மனம் சொன்னது என்றால் அந்தப் போராட்டம் உம் வீட்டு நடையிலேயே தொடங்க வேண்டும்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். கோடையில் பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும். ஒரு பாடத்தில் தவறிய பெண்களை அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு அனுப்பப் பார்ப்பார்கள். துணைத் தேர்வு அதே கோடையில் நடக்கிறது. ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இது பல வீடுகளுக்குத் தெரியாது. முடிவு வந்த அன்றே தெருத் தெருவாகப் போய்ப் பெயர் எழுதுங்கள். தேர்வுக் கட்டணத்தைக் கிளை உண்டியலிலிருந்து கட்டுங்கள். கணக்குப் பாடத்தில் தவறியவளுக்கு, தெருவில் கல்லூரியில் படிக்கும் பெண் இருந்தால் அவளிடம் மாலையில் ஒரு மணி நேரம் கேளுங்கள். விண்ணப்பம் போட்ட ரசீதை வாங்கி, அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.