உப்புப் பாத்தியில் ஆர்ட்டீமியா வளர்ப்பு

இறால் குஞ்சு பொரிப்பகங்களில் இளங்குஞ்சுகளுக்கு உயிருள்ள தீனியாகத் தரப்படுவது ஆர்ட்டீமியா. உப்பு நீரில் வாழும் இவ்வுயிரி சுமார் 1 செ.மீ. நீளமே வளரும். வியட்நாமின் வின் சாவ் கடற்கரையில் சிறு உப்பளத்தார் 1980-களிலிருந்து இதை வளர்த்து வருமானம் பெறுகிறார்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளத்தாரும் இதை முயன்று பார்க்கலாம்.

ஆர்ட்டீமியாவுக்குத் தற்காப்பு கிடையாது. மீன்கள் அதை விழுங்கிவிடும். உப்பே அதற்கு வேலி. உப்பளத்தார் அளக்கும் கணக்கில் கடல்நீர் சுமார் 3.5 டிகிரி, உப்பு விளைவது 25 டிகிரியில். நீர் 8 முதல் 10 டிகிரிக்கு ஏறும் இடைப் பாத்தியில் பெரும்பாலான மீன்கள் வாழ்வதில்லை. அதுவே ஏற்ற இடம்.

செய்முறை: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்தியில் அரை மீட்டர் ஆழத்திற்கு நீர் நிறுத்த வேண்டும். ஆழம் குறைந்தால் வெயிலில் நீர் சூடேறி உயிரிகள் மடியும். முட்டைகளைக் கடல்நீரில் இட்டுக் காற்றுக் குமிழ் செலுத்தினால் 24 மணி நேரத்தில் பொரிக்கும். குஞ்சுகளை மாலையில் விடவும். பாசி வளரச் சிறிது கோழி எரு இடலாம்.

இரண்டு வாரங்களில் அவை முதிரும். உப்புச் செறிவு ஏறும்போது ஓடுள்ள முட்டைகளை இடும். காற்று ஒதுக்கும் கரையில் இவற்றை வலையால் அள்ளி, உப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும்.

கோடை மழை பெய்தால் மேலே நிற்கும் நன்னீரை உடனே வடித்துவிடவும். இல்லையேல் வேலி போய்விடும்.

எந்த இனத்தை விடலாம் என மீன்வளத் துறையினரைக் கேட்டறிந்து, வாங்குவோரையும் உறுதி செய்துகொண்டு, முதலில் ஒரே பாத்தியில் தொடங்குவது நலம்.