பழந்தின்னி வௌவாலின் முன்கை நீளம்

பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிழக்குக் கட்டடம் 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் இடிந்தது. 2010இல்தான் மீண்டும் எழுந்தது. சுமார் 2,76,000 கண்ணாடிக் குடுவைகளில், எரிசாராயத்தில் ஊறியபடி, ஏறக்குறைய 10 லட்சம் விலங்குகள் இன்று அங்கே இருக்கின்றன. இந்த அருங்காட்சியகத்தின் பழந்தின்னி வௌவால்களுக்கென்றே 1899இல் பவுல் மாட்சி ஒரு நூல் எழுதினார். செத்த வௌவாலை வெர்னியர் அளவியால் அளந்து, அது பிடிபட்ட ஊரை வரைபடத்தில் புள்ளியாக வைப்பது வெறும் பதிவேட்டு வேலையாகத் தோன்றலாம். ஓர் இனம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை அறிய, அளவும் இடமும் சேர்ந்த இந்தச் சான்றைவிட உறுதியான அடித்தளம் கிடையாது என்பேன்.

முதலில் அளப்பது முன்கையை: இறக்கையை மடக்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. பிறகு மண்டையோடு, பல்வரிசை. நூறாண்டு சாராயத்தில் கிடந்த உடல் சுருங்கியிருக்காதா என்று கேட்கலாம். தசையும் தோலும் சுருங்கத்தான் செய்யும். அதனால்தான் உடல் நீளத்தையும் காதளவையும் அவ்வளவாக நம்புவதில்லை. எலும்பும் பல்லும் அப்படி மாறுவதில்லை. பல் எவ்வளவு பேசும் என்பதற்கு நம் மேகமலையே சாட்சி. 1948இல் ஆங்கஸ் ஹட்டன் அங்கே பிடித்த வௌவால் ஒன்று, சாதாரணக் குட்டைமூக்குப் பழ வௌவால் என்ற பெயரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் 24 ஆண்டுகள் கிடந்தது. 1972இல் கிட்டி தோங்லோங்யா அதன் பல்லையும் மண்டையோட்டையும் ஆராய்ந்து, இனம் மட்டுமல்ல, பேரினமே புதிது என்று கண்டார். அதுதான் சலீம் அலி பழந்தின்னி வௌவால்.

மரபணு ஆய்வு வந்துவிட்டதே, இனி அளவி எதற்கு என்பது வலுவான கேள்வி. 1894இல் மாட்சி, கேமரூனின் யாவுண்டேயில் கெயோர்க் சென்கர் சேகரித்த சிறு வௌவாலுக்கு ஸ்கோட்டோனிக்டெரிஸ் சென்கெரி என்று பெயரிட்டார். மேற்கு ஆப்பிரிக்கா முதல் காங்கோ வரை ஒரே இனம் என நூறாண்டுக்கு மேல் நம்பப்பட்டது. 2015இல் மரபணு ஆய்வு அது மூன்று இனம் என்றது. கிளைகளை மரபணு பிரித்துக் காட்டும். எந்தக் கிளைக்குச் சென்கெரி என்ற பெயர் உரியது என்பதற்கு மாட்சி விவரித்த உடலுக்கும் அதன் ஊருக்கும்தான் திரும்ப வேண்டும். புதிதாகப் பெயர் பெற்ற இனம் பெர்க்மான்சி. ஆப்பிரிக்கப் பழந்தின்னிகளைப் பல அருங்காட்சியகங்களில் அளந்து, 1988 முதல் 1997 வரை தொடராக எழுதிய விம் பெர்க்மான்ஸுக்கான மரியாதை அது, முற்றிலும் தகும்.

வரைபடப் புள்ளிகள், சேகரிப்பாளர் நடந்த பாதையைத்தான் காட்டுகின்றன, வௌவாலின் வாழிடத்தை அல்ல என்ற ஆட்சேபத்தில் உண்மை உண்டு. டோகோ, பெனின் பகுதியில் மழைக்காடு அறுந்து சவன்னா கடற்கரை வரை இறங்குகிறது. அங்கே காட்டு வௌவாலுக்குப் புள்ளி இல்லையென்றால் அது இல்லாததாலா, யாரும் தேடாததாலா? அதே இடத்தில் பிடிபட்ட மற்ற வௌவால்களையும் வரைபடத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அவை நிறைய இருந்து இது மட்டும் இல்லையென்றால் அந்த வெற்றிடத்துக்குப் பொருள் உண்டு. பழைய பெயர்ச்சீட்டில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால், சுற்றுவட்டாரம் முழுவதையும் அது குறிக்கலாம். அத்தகைய இடத்தில் புள்ளி வைக்காமல், எத்தனை கிலோமீட்டர் ஐயமோ அத்தனை அகலத்துக்கு வட்டம் போடுவதே சரி.