வெட்டியவருக்கு வராத அரிப்பு

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் அம்மா முப்பது வருசம் பால்மரம் வெட்டினார். கையுறை எல்லாம் கிடையாது. முழங்கை வரை பால் காய்ந்திருக்கும், வீட்டுக்கு வந்துதான் உரித்துப் போடுவார். ஒரு தடிப்பு வந்ததில்லை. தாதியாக வேலை செய்யும் என் மகளுக்கோ ரப்பர் கையுறை போட்ட பத்து நிமிடத்தில் கை தடித்துப் போகிறது. ரப்பர் ஒவ்வாமை என்கிறார்கள். இரண்டும் ஒரே மரத்துப் பால்தானே?"

"அந்தக் காலத்து உடம்பு, அந்தக் காலத்துச் சாப்பாடு" என்று பதில் எழுதினால் வாட்ஸ்அப்பில் நன்றாக ஓடும். ஆனால் காரணம் அம்மாவின் உடம்பில் இல்லை. பெரும்பகுதி பாலில் இருக்கிறது. மீதி, அந்தப் பால் உடம்புக்குள் நுழையும் வழியில் இருக்கிறது. ஆகவே மரத்திலிருந்து தொடங்குவோம்.

விடியற்காலையில் தலைவிளக்கோடு வெட்டிய கோட்டில் வடிய ஆரம்பிக்கும் பால், வெயில் ஏறுவதற்குள் தானாகவே நின்றுவிடுகிறது. ஏன்? தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டதில்லை. பால் நிற்கும், மங்குக் கோப்பையைக் கவிழ்த்து வாளியில் ஊற்றிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். உண்மையில் அது நிற்கக் கூடாது. இரவில் இலைகள் நீரை இழக்காததால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறி, விடியும் நேரத்தில் 10 வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டி நிற்கும். அவ்வளவு அழுத்தத்தில் இருக்கும் குழாயைக் கத்தியால் திறந்துவிட்டால் மரம் வற்றும் வரை ஓடத்தானே வேண்டும்? மரம் அடைப்பு போட்டுக்கொள்கிறது. எப்படிப் போடுகிறது என்பதை 1960களில் துருவித் துருவிப் பார்த்தது நம் மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம்தான். அங்கே வேலை செய்த சதர்ன் என்பவர் இதற்கென்றே வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்.

பாலை அதிவேகமாகச் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். மேலே ரப்பர், நடுவில் தெளிந்த நீர், அடியில் மஞ்சள் கலந்த வண்டல். வண்டலில் பெரும்பகுதி லுட்டாய்டு எனப்படும் நுண்ணிய பைகள். ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வு கட்டிய, அமில நீர் நிரம்பிய பை. அடைப்புக்கான சரக்கு முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று போகும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர்த் துகள்கள்தான் பக்தர்கள். ஒவ்வொருவர் தோளிலும் அகலமான காவடி இருப்பதால் யாரும் யாரோடும் ஒட்டாமல் இடைவெளி விட்டு நடக்கிறார்கள். காவடி என்றது துகளின் மேல்தோலில் இருக்கும் எதிர்மின்னூட்டத்தை. ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும். கூட்டத்தின் நடுநடுவே கதவைச் சாத்திய வேன்கள் ஊர்ந்து வருகின்றன. அவைதான் லுட்டாய்டுகள். திடீரென்று வாசல் திறக்கிறது, அதாவது கத்தி விழுகிறது. கூட்டம் முண்டியடித்துப் பாய்கிறது. நெரிசலில் சில வேன்கள் நசுங்குகின்றன. போதாததற்கு, அழுத்தம் குறைந்த குழாய்க்குள் பக்கத்துத் திசுக்களிலிருந்து நீர் புகுகிறது. தண்ணீர்ப் பந்தல் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்தத் தண்ணீரைக் குடிப்பது பக்தர்கள் அல்ல, வேன்கள். குடித்து ஊதி வெடிக்கின்றன. உள்ளேயிருந்து இரண்டு வகை ஆட்கள் குதிக்கிறார்கள். அமிலமும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளும் முதல் வகை. இவர்கள் பக்தர்களின் காவடியை இறக்கிவிடுகிறார்கள். இரண்டாவது வகை ஒரு சின்னப் பொடியன். ஒரு கையால் ஒருவரையும் மறு கையால் இன்னொருவரையும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். கண்ட கையையும் பிடிப்பதில்லை, குறிப்பிட்ட ஒரு வளையல் போட்ட கையாகப் பார்த்துத்தான் பிடிக்கிறான். சிறிது நேரத்தில் வாசல் அடைத்துக்கொள்கிறது. முருகன் எங்கே, அர்ச்சனைச் சீட்டு எங்கே என்று கேட்காதீர்கள். ஒப்புமை ஏற்கெனவே மூச்சு வாங்குகிறது.

அந்தப் பொடியனின் பெயர் ஹெவீன். வெறும் 43 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். அவன் தேடும் வளையல், ரப்பர்த் துகளின் மேல் உள்ள ஒரு புரதத்தில் தொங்கும் சர்க்கரை. 1994இல் ஆய்வாளர்கள் இதை நேராகவே காட்டினார்கள். சர்க்கரையை நொதி கொண்டு நீக்கிவிட்டால் ஹெவீனால் பாலை உறைய வைக்க முடிவதில்லை. ஹெவீனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பூஞ்சைகளின் சுவரில் கைட்டின் என்றொரு பொருள் இருக்கிறது. அதுவும் இதே வகைச் சர்க்கரையால் கட்டிய சங்கிலி. காயத்தின் வழியாக நுழையப் பார்க்கும் பூஞ்சையை ஹெவீன் அங்கே பிடித்துக்கொள்கிறது. காயத்தை அடைத்து, அடைத்த இடத்துக்குக் காவலும் நிற்கிறது. இத்தனை சிறிய புரதத்துக்குள் நான்கு இடங்களில் கந்தகத் தையல் போட்டிருப்பதால் சூட்டுக்கும் ரசாயனத்துக்கும் லேசில் கலைந்துபோகாது.

இதெல்லாம் மரம் வெட்டுவோருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த சங்கதிதான். மறுமுறை வெட்ட வருகிறவர் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்துக் கூடையில் போட்டுவிட்டு, பட்டையில் ஒரு மெல்லிய சீவல் மட்டும் எடுப்பார். அடைப்பு குழாயின் நுனியில்தான் இருக்கிறது; அந்த நுனியைச் சீவினால் போதும், பால் மறுபடி ஓடும். ஆழமாக வெட்டினால் மேற்பார்க்கும் தண்டல் திட்டுவார், மரமும் புண்ணாகும். பட்டையில் எத்திஃபோன் மருந்து பூசிய பிறகு பால் நெடுநேரம் சொட்டுவதற்கும் ஒரு காரணம், லுட்டாய்டுப் பைகள் சீக்கிரம் வெடிக்காமல் தாங்குவதுதான்.

இனி ஆலைக்கு வருவோம். கையுறைக்குப் போகும் பால் உறையக் கூடாது என்று அம்மோனியா சேர்க்கிறார்கள். பைகள் உடைந்து உள்ளே இருந்த புரதமெல்லாம் வெளியே கலக்கிறது. பிறகு சுழற்றிக் கெட்டியாக்கும்போது ஒரு பங்கு நீங்கும், ஒரு பங்கு தங்கும். ஈப்போ, கமுந்திங் பக்கத்து ஆலைகளில் பீங்கான் கைகள் வரிசையாக இந்தக் கெட்டிப் பாலில் முங்கி எழுவதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். முங்கிய படலத்தை வெந்நீரில் அலசி, அடுப்பில் வேகவைத்து, உருவி எடுக்க வேண்டும். விஷயம் அந்த அலசலில் இருக்கிறது. படலம் காயும்போது உள்ளிருக்கும் நீர் மேலே வருகிறது, கரைந்த புரதத்தையும் கூட்டிக்கொண்டு வந்து மேற்பரப்பில் விட்டுவிட்டுப் போகிறது. நன்றாக அலசினால் அது போய்விடும். அவசரமாக அலசினால் அங்கேயே இருக்கும்.

1980களின் பிற்பகுதியில் அவசரம் வந்தது. எய்ட்ஸ் பயத்தில் உலகெங்கும் மருத்துவமனைகள் யாரைத் தொட்டாலும் கையுறை போட வேண்டும் என்றன. தேவை ஒரேயடியாக ஏறியது. புதிது புதிதாக ஆலைகள் முளைத்தன. அலசும் நேரம் சுருங்கியதுதான் அப்போது ஒவ்வாமை பெருகியதற்குக் காரணம் என்பது சொல்லப்படும் விளக்கங்களில் நம்பத்தக்கது. இதோடு ஒரு வினை சேர்ந்தது: மாட்டுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று உள்ளே தூவிய மக்காச்சோள மாவு. மாவு புரதத்தை உறிஞ்சிக்கொள்ளும். கையுறையைச் சட்டென்று உருவும் ஒவ்வொரு முறையும் அது காற்றில் பறக்கும். வார்டில் நிற்கும் எல்லாரும் ஹெவீனைச் சுவாசித்தார்கள்.

வாசகியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அம்மாவின் கையில் பட்ட பாலிலும் ஹெவீன் இருந்தது. ஆனால் அது முழுத்தோல் மேல் பட்டது, திறந்த வெளியில் பட்டது, மாவில் ஏறி மூக்குக்குள் போகவில்லை. காயம்படாத தோலைத் தாண்டிப் புரதம் உள்ளே போவது கடினம். மகளின் கையோ நாள் முழுதும் சோப்பும் மருந்துநீரும் பட்டு வெடித்த கை. அதன் மேல் வியர்வையில் ஊறிய கையுறை மணிக்கணக்கில் ஒட்டிக்கிடக்கிறது. தாய்லாந்தில் மரம் வெட்டுவோரிடம் நடந்த ஆய்விலும் ரப்பர் புரதத்துக்கு எதிரான உணர்திறன் குறைவாகவே இருந்தது. ஆனால் இந்த ஆய்வை வைத்து "நம்ம ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கை அரித்தவர்கள் முன்பே வேலையை விட்டுப் போயிருந்தால் கணக்கில் வரமாட்டார்கள்.

வரலாறும் கொஞ்சம் சொல்லாவிட்டால் இதழாசிரியர் விடமாட்டார். 1876இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதை கொண்டுபோனார். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளைப் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது, போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம். அறுவை அறைக்கு ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட். பாதரச மருந்துநீர் பட்டுத் தோல் வெந்த ஒரு தாதிக்காக அதைச் செய்வித்து, 1890இல் அவரையே திருமணமும் செய்துகொண்டார். தோலைக் காப்பாற்ற வந்த பொருள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். போதும்.

எனக்கு இந்த விவகாரத்தில் மிக முக்கியமாகப் படுவது தாதிகளின் கதைகூட அல்ல, குழந்தைகளின் கதை. முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. ஸ்பைனா பிஃபிடா என்பார்கள். பிறந்த ஓரிரு நாளில் முதுகில் அறுவை. பலருக்குத் தலையில் சேரும் நீரை வடிக்க இன்னோர் அறுவை. சிறுநீர் கழிக்கத் தினமும் பலமுறை குழாய். 1989இல் அமெரிக்காவில், இப்படிப்பட்ட இரு குழந்தைகளுக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வந்ததற்குக் காரணம் ரப்பர் என்ற தகவல் வெளியானது. தேடிப் பார்த்தபோது பல மருத்துவமனைகளில் இந்தக் குழந்தைகளில் பாதிப்பேர் வரை ரப்பருக்கு எதிரான உணர்திறனோடு இருந்தார்கள். எத்தனை அறுவையோ அத்தனை ஆபத்து.

வேடிக்கை என்னவென்றால், இவர்களைத் தாக்கியது முதன்மையாக ஹெவீன் அல்ல. துகளின் மேலேயே ஒட்டியிருக்கும், நீரில் எளிதில் கரையாத வேறு இரண்டு புரதங்கள். ஹெவ் பி 1, ஹெவ் பி 3 என்று பெயர். கரையாதது காற்றில் பறக்காது, அதனால் தாதிகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் கையுறை அணிந்த கை உடம்பின் உள்ளே, ஈரமான சவ்வின் மேலேயே மணிக்கணக்கில் படும்போது கரைய வேண்டிய அவசியமே இல்லை. ஒரே கையுறைதான், நுழையும் வழி மாறியதும் எதிரியும் மாறிவிட்டது. எந்தப் புரதத்துக்கு ஒருவர் தடிக்கிறார் என்று பார்த்தே ரப்பர் எந்த வாசல் வழியாக உள்ளே போனது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் இதைவிட அழகான துப்பறிதல் இல்லை.

தீர்வு சலிப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. பெர்லினில் முதல் அறுவையிலிருந்தே ரப்பர் படாமல் பார்த்துக்கொண்ட குழந்தைகளை முந்தைய தலைமுறையோடு ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வு வந்தது. முன்பு பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருந்த உணர்திறன் இருபதில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. ஜெர்மனி 1998இல் மாவு போட்ட ரப்பர் கையுறையைப் பணியிடங்களில் விலக்கியதும் தாதிகளின் புகார்களும் சரிந்தன. அமெரிக்கா மாவுக் கையுறைகளை முற்றாகத் தடை செய்ய 2017 ஆகிவிட்டது.

இப்போது விளம்பரங்களுக்கு வருவோம். "ஹைப்போ அலர்ஜெனிக்" என்ற முத்திரையை ரப்பர்ப் பொருள்களில் போடக் கூடாது என்று அமெரிக்கா 1998லேயே விதித்தது. அந்த முத்திரை போட்ட கையுறையில் ரசாயனங்கள்தான் குறைவாக இருந்தன, புரதம் அப்படியே இருந்தது. செயற்கை நைட்ரைல் கையுறையில் மரப்புரதம் கிடையாது, உண்மைதான். ஆனால் அதை வேகவைக்கச் சேர்க்கும் ரசாயனங்களுக்கும் சிலருக்குத் தோல் அரிக்கும். மரபணுவைத் திருத்தி ஒவ்வாமையே இல்லாத ரப்பர் மரம் வரப்போகிறது என்ற செய்தியையும் நான் உப்புப் போட்டுத்தான் விழுங்குகிறேன். 2016இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ரிக்கன் நிறுவனமும் ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் மர வகையின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டன. ஹெவ் பி 1, ஹெவ் பி 3 சார்ந்த மரபணுக் குடும்பம் அந்த மரத்தில் பெருகிக் கிடக்கிறது. ரப்பர் உருவாவதோடு தொடர்புடைய குடும்பம் அது. அதைப் பிடுங்கிவிட்டுப் பாலை எதிர்பார்க்க முடியுமா? ஹெவீனை எடுத்துவிட்டால் வெட்டுக்காயத்தை யார் அடைப்பது? பூஞ்சையை யார் பிடிப்பது? நன்றாக அலசிய, மாவில்லாத கையுறை பெரிய தலைப்பாக வராது. ஆனால் இதுவரை வேலை செய்திருப்பது அதுதான்.

மகளைப் பொறுத்தவரை நேரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். போட்ட சில நிமிடங்களில் தடித்தால் அது புரதமாக இருக்கலாம். தோலில் குத்தியோ ரத்தத்திலோ சோதிப்பார்கள். மறுநாள் கொப்புளித்தால் ரசாயனமாக இருக்கலாம். முதுகில் ஒட்டுத் துணி வைத்துச் சோதிப்பார்கள். வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பழங்களில் ஹெவீனின் சாயல் கொண்ட புரதங்கள் இருக்கின்றன. மூச்சு இழுத்தாலோ உதடு, முகம் வீங்கினாலோ சோதனைக்குத் தேதி கேட்டுக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டில் முதுகெலும்புப் பிளவோடு பிறந்த குழந்தை இருந்தால், பல் பிடுங்கப் போனாலும் சரி, அறுவைக்குப் போனாலும் சரி, ரப்பர் படாமல் செய்யும்படி முதலிலேயே கேட்டுவிடுங்கள். மருத்துவ அட்டையிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியிலும் பிறந்தநாள் விருந்திலும் ஊதும் பலூன் பெரும்பாலும் இதே பாலில் செய்ததுதான். ஆசிரியரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.