பாஸ்போர்ட்டில் ஒரு சத்தியம்! தீவு நாடுகளின் வாசலில் இவ்வளவு நடக்கிறது, தெரியுமா?

விசா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பேங்க் ஸ்டேட்மென்ட், வெள்ளைப் பின்னணியில் ஃபோட்டோ, இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பி வர டிக்கெட். ஆனால் உள்ளே நுழைய சத்தியம் கேட்கிற நாடு ஒன்று இருக்கிறது, தெரியுமா? வாய்வார்த்தை போதாது. பாஸ்போர்ட்டிலேயே முத்திரை குத்தி, அதன் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள்!

அந்த நாட்டின் பெயர் பலாவ். பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே பசிபிக்கில் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம். மக்கள்தொகை 20,000கூடக் கிடையாது. ஆனால் ஒரே வருடத்தில் அதைவிடப் பல மடங்கு சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கிய காலம் உண்டு. பவளப்பாறையை மிதிப்பது, சிப்பியைப் பொறுக்கிப் பைக்குள் போடுவது, மீனைத் துரத்துவது என்று தாங்க முடியாமல் போனபோது பலாவ் என்ன செய்தது தெரியுமா? 2017 டிசம்பரில் தன் குடிவரவு நடைமுறையையே மாற்றிவிட்டது. சுற்றுச்சூழலைக் காக்க இப்படிச் செய்த முதல் நாடு அதுதான்.

அந்த முத்திரையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். வழக்கமான வட்டமோ சதுரமோ இல்லை. பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு வாசகம், கடைசியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்த வாசகம் அதிபரைப் பார்த்தோ சட்டத்தைப் பார்த்தோ பேசவில்லை. பலாவின் குழந்தைகளை விளித்துப் பேசுகிறது! உங்கள் தீவை விருந்தாளியாகவே நடந்து பார்ப்பேன், கொடுக்காததை எடுக்க மாட்டேன், என்னைத் துன்புறுத்தாத உயிரை நானும் துன்புறுத்த மாட்டேன் என்கிற பொருளில் போகும் உறுதிமொழி அது. எழுதும்போது பலாவ் குழந்தைகளின் உதவியையும் வாங்கியிருக்கிறார்கள். விமானத்திலேயே ஒரு குறும்படமும் உண்டு: தீவுக்குள் தடாலடியாக நுழைந்து எல்லாவற்றையும் நாசமாக்கும் ஒரு ராட்சத விருந்தாளிக்கு ஊர்ப் பிள்ளைகள் ஒழுங்காக நடக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பவளத்தை உடைக்க யாருக்கு மனசு வரும்? இதை யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னும் இருக்கிறது! உங்கள் பையில் சன்ஸ்கிரீன் இருந்தால் அதன் லேபிளைப் படித்துவிட்டுத்தான் பலாவுக்குக் கிளம்ப வேண்டும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ளிட்ட, பவளப்பாறைக்கு ஆகாத ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2020 ஜனவரி 1 முதல் அங்கே தடை. கொண்டுபோனால் நுழைவாயிலிலேயே பறிமுதல். காரணம் இல்லாமல் இல்லை. பல லட்சம் ஜெல்லிமீன்கள் மிதக்கும் ஜெல்லிமீன் ஏரி பலாவின் பெருமை. மனிதர்கள் பூசிக்கொண்டு இறங்கிய சன்ஸ்கிரீனின் எச்சம் அந்த ஏரியிலேயே கண்டறியப்பட்டது. இதுபோக, சுற்றுச்சூழல் கட்டணம் 100 டாலர். அதைக் கட்டத் தனிக் கவுன்டர் தேட வேண்டாம், விமான டிக்கெட்டிலேயே சேர்த்து வாங்கிவிடுகிறார்கள்!

ஒரு தீவு எதை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறதோ, அதுவே அதன் வாசலில் விதியாக வந்து நிற்கிறது. இந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தால் ஒவ்வொரு படிவமும் ஒரு கதை சொல்கிறது.

நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் முகத்தைவிட உங்கள் ஷூவின் அடிப்பாகம் முக்கியம் என்றால் நம்புவீர்களா? மலையேறப் போட்ட ஷூ, கூடாரம் எதையும் முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். அதிகாரி ஷூவைத் திருப்பி, பள்ளங்களில் மண் ஒட்டியிருக்கிறதா, விதை சிக்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். ஏன் இவ்வளவு? கவுரி என்று ஒரு மரம். ஆயிரம் வருடங்களுக்கு மேல் வாழும், பல பேர் கைகோத்து நின்றால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அந்த ராட்சத மரத்தைச் சாய்க்கும் நோய்க்கிருமி மண்ணில் வாழ்கிறது. காட்டிலிருந்து காட்டுக்கு அது பயணம் போவது பெரும்பாலும் மனிதர்களின் செருப்பில்தான். தீவுக்குள்ளேயே ஒரு சிட்டிகை மண் இவ்வளவு செய்யும்போது, வெளிநாட்டு மண்ணை எப்படி விடுவார்கள்? தேனுக்கும் அனுமதி இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த கறிவேப்பிலை, ஊறுகாய், விதை, பூ எது இருந்தாலும் படிவத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால், பொருளை எடுத்துக்கொண்டாலும் அபராதம் கிடையாது. மறைத்து மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்!

ஐஸ்லாந்தின் விதி இன்னும் கறார். அந்த நாட்டுக் குதிரை ஒருமுறை கடல் தாண்டிவிட்டால் பிறந்த மண்ணுக்கு ஆயுசுக்கும் திரும்ப முடியாது, தெரியுமா? வெளியிலிருந்து குதிரை வரக் கூடாது என்ற தடை 982-ஆம் ஆண்டு வாக்கில் அவர்களின் ஆதி நாடாளுமன்றம் போட்டது என்பார்கள். ஆயிரம் வருடமாக வெளியுலக நோய்களை அதிகம் பார்க்காத இனம், அதனால் எதிர்ப்புச் சக்தியும் குறைவு. வெளிநாட்டில் நடக்கும் உலகப் போட்டிக்குக் குதிரையைக் கூட்டிப்போகும் வீரர், ஜெயித்தாலும் தோற்றாலும் அதை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகத்தான் ஊர் திரும்புகிறார்! நீங்கள் சவாரிக்குப் போகிறீர்களா? பயன்படுத்திய சேணம், கடிவாளம் கொண்டுபோகக் கூடாது. சவாரி உடையைக்கூடத் துவைத்துக் கிருமிநீக்கம் செய்துதான் எடுத்துப்போக வேண்டும்.

செஷல்ஸ் பக்கம் போனால் முத்திரையே கடல்தேங்காய் வடிவில்! எந்த நாட்டவருக்கும் விசா வேண்டாம் என்று சொல்லும் அபூர்வமான நாடு அது. கிளம்பும் முன் ஆன்லைனில் பயண அனுமதி மட்டும் வாங்கிவிட வேண்டும். கடல்தேங்காய் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே அங்குள்ள பிராலின், கியூரியஸ் என்ற இரண்டே தீவுகளில்தான். ஒரு விதை 20 கிலோவுக்கு மேலும் எடை போடும், தாவர உலகின் மிகப் பெரிய விதை. அதை வாங்கி வர ஆசைப்பட்டால் முறையான அனுமதிச் சீட்டு கூடவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்தைத் தாண்டாது.

பக்கத்தில் இருக்கும் மாலத்தீவு ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் இறங்கியதும் 30 நாள் விசாவை இலவசமாகத் தருகிறது. இந்தியர்களுக்கு 90 நாள்! பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் பயண விவரம் பதிவு செய்ய வேண்டும். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை, பைசா செலவில்லை. ஆனால் நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது வேறு. வழிபாட்டுக்கான சிலைகளைக் கொண்டுபோகத் தடை உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் கைப்பையில் சின்னப் பிள்ளையாரை வைத்துக்கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இந்தப் பயணத்துக்கு மட்டும் அவரைப் பூஜை அறையிலேயே விட்டுவிடுங்கள். மது பாட்டிலுக்கும் தடைதான். சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, நாடு திரும்பும்போது கையில் கொடுத்துவிடுவார்கள்.

சிங்கப்பூரில் சூயிங்கம்முக்கு 1992-இல் வந்த தடையின் பின்னால் ரயில் கதவு இருக்கிறது, தெரியுமா? எம்ஆர்டி ரயில் கதவுகளின் சென்சாரில் சூயிங்கம்மை ஒட்டிவிட்டுப் போனார்கள், கதவு மூடாமல் ரயில் நின்றது. இன்றைக்கு அதே நாடு சாங்கி விமான நிலையத்தில் முகத்தையும் கருவிழியையும் பார்த்தே ஆளை வெளியே அனுப்புகிறது, பாஸ்போர்ட்டைக் காட்டக்கூட வேண்டாம்! உள்ளே வருவதற்கான வருகை அட்டையை மூன்று நாள் முன்னதாக ஆன்லைனில் நிரப்பலாம். அது இலவசம். பணம் கேட்கும் தளத்தில் நிரப்பினால் நீங்கள் ஏமாறுகிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம், இன்னொரு நாட்டின் தீவுக்குப் போய் வரலாம் என்றால்? அதுவும் ராமேஸ்வரத்திலிருந்து! கச்சத்தீவுதான் அது. 285 ஏக்கர், குடிதண்ணீர்கூட இல்லாத சின்னத் திட்டு. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தின் ஐந்தாவது ஷரத்தில், இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் அங்கே போய்வர இலங்கையிடம் பயண ஆவணமோ விசாவோ பெறத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறது. மீன்பிடி உரிமை பற்றிய தகராறு தனிக்கதை, அது இன்னும் ரத்தம் கசியும் காயம். ஆனால் அந்தோணியார் திருவிழா வரும் பிப்ரவரி, மார்ச் மாதத்தில் ராமேஸ்வரத்துப் படகுகளும் யாழ்ப்பாணத்துப் படகுகளும் அதே கரையில் வந்து ஒதுங்குகின்றன. பெயர் கொடுத்து, அடையாள அட்டை காட்டி, படகேறினால் போதும். கொடியேற்றம், சிலுவைப்பாதை, திருப்பலி எல்லாம் உண்டு. பல குடும்பங்களுக்கு அக்கரைச் சொந்தங்களைப் பார்க்கக் கிடைக்கும் இடமும் அதுதான். உலக வரைபடத்தில் இவ்வளவு எளிய எல்லை இன்னொன்று இருக்குமா என்று வியப்பாக இருக்கிறது.

இதே கடலில் அதற்கு நேர்மாறான வாசல் ஒன்றும் இருந்தது. சென்னை எழும்பூரில் டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி ரயிலேறி கொழும்பு என்று போன போட் மெயில் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துப்போகும் வரை ஓடியது. ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளிகள் மண்டபம் என்ற ஊரிலேயே நிறுத்தப்பட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது! நோய்த்தொற்று இல்லை என்று மருத்துவச் சோதனை முடிந்தபிறகுதான் கப்பல். இலங்கைக்குப் போகிறவர்களை நிறுத்திவைத்த அதே மண்டபம்தான், பின்னாளில் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்கு அகதி முகாம் ஆனது.

மொரிஷியஸில் இன்று இந்தியர்களுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. ஆனால் 1834 நவம்பர் 2-ஆம் தேதி அட்லஸ் என்ற கப்பலில் 36 பேர் வந்து இறங்கியதிலிருந்து, கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்கள் வழியாகக் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் கூலிகளாகப் போன நாடு அது. போர்ட் லூயியில் அவர்கள் ஏறிய கல்படிகள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்தவர்கள்கூடத் தங்கள் புகைப்படம் ஒட்டிய அட்டையை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1867-இல் சட்டம் போட்டார்கள், தெரியுமா? உலகின் பெரும்பாலான நாடுகளின் பாஸ்போர்ட்டில் படமே இல்லாத காலம்! அவர்களை அடக்கிவைக்க எடுத்த அந்தப் படங்களையும் பதிவேடுகளையும் தேடித்தான் இன்று பேரப்பிள்ளைகள் தங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

காசு கொடுத்தால் குடியுரிமையே தரும் தீவுகளும் உண்டு. செயின்ட் கிட்ஸ் 1984-லேயே ஆரம்பித்துவிட்டது. வனுவாட்டு இதில் கையைச் சுட்டுக்கொண்டது: யாருக்கு வேண்டுமானாலும் பாஸ்போர்ட் விற்கிறீர்கள் என்று ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டவருக்கான விசா இல்லா நுழைவை 2024-இல் அடியோடு ரத்து செய்துவிட்டது. மறு வருடமே, ஐபிஎல் கிரிக்கெட்டின் முன்னாள் தலைவர் லலித் மோடியின் வனுவாட்டு பாஸ்போர்ட்டை ரத்து செய்யச் சொல்லி அந்நாட்டுப் பிரதமர் உத்தரவிட்டது நம் செய்திகளிலும் வந்தது. நவுரு 2025-இல் 1,05,000 அமெரிக்க டாலருக்குக் குடியுரிமை தரத் தொடங்கியபோது சொன்ன காரணம்தான் நெஞ்சைப் பிசைகிறது. கடல் ஏறி வருகிறது, ஜனங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றப் பணம் வேண்டும்!

அதைவிடப் பெரிய செய்தி துவாலுவிலிருந்து. கடல் மட்டத்திலிருந்து சராசரியாக இரண்டு மீட்டர் உயரம்தான் அந்த நாடு. ஆஸ்திரேலியாவுடன் 2023-இல் கையெழுத்தான ஃபலெபிலி ஒப்பந்தப்படி வருடத்துக்கு 280 துவாலு மக்கள் அங்கே நிரந்தரமாகக் குடியேறலாம். வேலை உறுதிக் கடிதம் கேட்பதில்லை. யார் போவது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது, அதற்குக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். 2025 ஜூன், ஜூலையில் நடந்த முதல் பதிவிலேயே, குடும்பத்தாரையும் சேர்த்து, 8,750 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் 11,000-தான்! அதே 2023-இல் துவாலு தன் அரசியல் சாசனத்தையும் திருத்தியது: நிலம் முழுக்கக் கடலுக்குள் போனாலும் துவாலு என்ற நாடு நீடிக்கும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். குலுக்கலில் பெயர் விழுந்து ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கும் ஊர் வாசல் மூடவில்லை. நினைத்தபோது வந்து போகலாம்.